டெக்னீஷியன் வந்து போன வகையில் ரூ. 590

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தியா இருந்ததால ரொம்ப நாளா இந்தப் பக்கம் வர முடியலை. நடுவுல ஒரு சண்டை வேற. சண்டைக்குக் காரணம் 590 ரூபாய். நடந்தது ஏழு வாரம்.

"இதுக்கா ஏழு வாரம்?"னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். எங்க வீட்டுத் தங்கமணியும் அதையேதான் கேட்டாங்க. ஆனா பாதி வழியில விஷயம் வேற மாதிரி ஆயிடுச்சு. அந்தக் காசு எனக்குத் திரும்பி வருமா வராதாங்கறது சின்னக் கேள்வி. வந்தா யார் பாக்கெட்டுலேருந்து வரும்ங்கறது பெரிய கேள்வி. வெளியூர்ல குடும்பம் நடத்துற எல்லாருக்கும் இது என்னிக்காவது வரும்ங்கறதால விவரமாவே சொல்றேன்.

நாங்க இருக்கறது முருகேஷ்பாளையாவுல ஒரு வாடகை வீடு, மூணாவது மாடி. வீட்ல மூணு பேர், பொட்டி நாலு. சாயந்திரம் ஆறு மணிக்குத் தங்கமணிக்கு அமெரிக்கா கால் ஆரம்பிக்கும், அதே நேரம் பொண்ணுக்கு ஆன்லைன் டியூஷன். நான் ஏதாவது கோப்பை ஏத்த ஆரம்பிச்சா ரெண்டு பக்கத்துலேருந்தும் சத்தம் வரும். இந்த நேரம் பார்த்து பிராட்பேண்ட் கம்பெனிக்காரங்க (பேர் வேணாம், நமக்கெதுக்கு வம்பு) போன் பண்ணாங்க. "சார், 100 எம்.பி.பி.எஸ்.லேருந்து 300க்கு மாத்திக்கோங்க. மாசத்துக்கு 200 ரூபாய்தான் கூட. ஆள் வர வேண்டாம், வயர் மாத்த வேண்டாம், அரை மணி நேரத்துல தானா மாறிடும். வேற எந்தச் செலவும் கிடையாது." சரின்னேன். 'உங்கள் திட்டம் மாற்றப்பட்டது, கூடுதல் நிறுவல் கட்டணம் இல்லை'ன்னு குறுஞ்செய்தியும் வந்தது. அந்தக் குறுஞ்செய்தியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

திட்டம் மாறிச்சு, வேகம் மாறலை. லேப்டாப்பை வயர் போட்டு நேரா பெட்டியில சொருகிப் பார்த்தா 94. காலையில 94, ராத்திரி 94, நடுராத்திரியிலயும் 94.

இந்த 94க்கு ஒரு அர்த்தம் இருக்கு. லைன்ல கூட்டமா இருந்தா வேகம் ஏறும், இறங்கும். ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி 94, 95ல நின்னா, நடுவுல எங்கயோ 100 எம்.பி.பி.எஸ். வாசல் ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். பழைய மாடல் பெட்டிகள்ல வயர் சொருகற துளை 100க்கு மேல போகாது. அதுலயும் தலைப்பு, வால்னு கொஞ்சம் கழிச்சா நமக்குக் கைக்கு வர்றது சுமார் 94. ஆக, சுவத்துல மாட்டியிருக்கற வெள்ளைப் பெட்டிதான் ஆளு. அந்தப் பெட்டி கம்பெனியோடது. கனெக்‌ஷனை விட்டா திருப்பிக் குடுக்கணும். அதோட நம்பரும் மாடலும் அவங்க கணக்குல இருக்கு. அதாவது 100க்கு மேல போகாத பெட்டி இருக்கற வீட்டுக்கு 300 வித்திருக்காங்க. பத்து லிட்டர் குடத்துல முப்பது லிட்டர் தண்ணி ஊத்திக் காசு வாங்கற கதை.

புகார் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு தம்பி வந்தார். வயசு இருபத்தஞ்சு இருக்கும். என் கன்னடத்தைக் கேட்டுச் சிரிச்சுட்டு, "அண்ணா, தமிழ்லயே பேசலாம்ணா"ன்னார். சொந்த ஊர் கோலார் தங்க வயல்.

தங்க வயல் தெரியும்தானே? வட ஆற்காடு பக்கத்துலேருந்தும் சேலம் பக்கத்துலேருந்தும் நம்ம ஜனங்க போய் நூறு வருஷத்துக்கு மேல பூமிக்குள்ள இறங்கின ஊர். சிவனசமுத்திரத்துத் தண்ணியில எடுத்த கரண்ட் 1902லயே அந்தச் சுரங்கத்துக்குப் போச்சு, பெங்களூருக்கு அப்புறம்தான். 2001 பிப்ரவரி 28ல சுரங்கத்தை மூடினாங்க. அதுலேருந்து அங்க இருக்கறவங்க ஆயிரக்கணக்குல தினமும் விடிய முன்னாடி ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துட்டு ராத்திரி திரும்பறாங்க. இந்தத் தம்பியும் அதுல ஒருத்தர். தாத்தாவும் அப்பாவும் சுரங்கம். இவர் கண்ணாடி இழை. "அவங்க கீழ இறங்குனாங்க, நான் கம்பத்துல ஏறறேண்ணா"ன்னார்.

முதல்ல கையில இருந்த மீட்டரை வெச்சு ஃபைபர்ல வர்ற வெளிச்சத்தை அளந்தார். மைனஸ் 19. "சூப்பர் லைட்டுண்ணா, லைன்ல ஒண்ணும் இல்லை." அப்புறம் பெட்டியைத் திருப்பி மாடலைப் பார்த்துட்டுத் தலையில கை வெச்சார். "இதுல 300 எப்படிண்ணா வரும்?" வண்டியிலேருந்து வேற பெட்டி எடுத்துட்டு வந்து மாட்டினார். லேப்டாப்புல 287. மொத்தம் இருபது நிமிஷ வேலை.

"இதுக்கு ஏதாவது சார்ஜ் உண்டா தம்பி?"

"இல்லண்ணா, நம்ம பெட்டிதானே."

என் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, முடிக்க இந்த எண்ணைத் தெரிவிக்கவும்'. சொன்னேன். மோர் குடிச்சுட்டுக் கிளம்பினார்.

அடுத்த பில் வர்றதுக்கு முன்னாடியே வங்கி காட்டிக் குடுத்துடுச்சு. கார்டுல ஆட்டோ டெபிட் போட்டிருந்தா, காசு எடுக்கறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி வங்கி நமக்குத் தகவல் சொல்லணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. 2021 அக்டோபர் 1லேருந்து நடைமுறை. 'நாளை ரூ. 1,768.82 எடுக்கப்படும்'னு வந்தது. வர வேண்டியது 999ம் அதுக்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 1,178.82. பில்லைத் திறந்தா உள்ள ஒரு வரி உட்கார்ந்திருக்கு: டெக்னீஷியன் விசிட் சார்ஜ் 500, வரி 90.

அந்தத் தகவல்லயே இந்த ஒரு தடவை மட்டும் எடுக்க வேண்டாம்னு சொல்ற வழியும் இருக்கும். அதை அமுக்கினேன். 1,178.82ஐ மட்டும் நானே கெடு தேதிக்கு முன்னாடி கட்டினேன். சர்ச்சை இல்லாத தொகையைக் கட்டிடணும். இல்லைன்னா பில் கட்டாதவன்ங்கற பட்டம் நம்ம மேல விழுந்துடும், பேச்சே திசை மாறிடும்.

அப்புறம் வாடிக்கையாளர் சேவைக்குப் போன். ஒன்றை அமுக்கி, நாலை அமுக்கி, பாட்டு கேட்டு, ஒரு பொண்ணு வந்தாங்க.

"சார், உங்க வீட்டுப் பக்கக் கோளாறுன்னு டிக்கெட் மூடியிருக்கு. அதுக்கு விசிட் சார்ஜ் உண்டு."

"பெட்டி உங்களோடதும்மா."

"சிஸ்டத்துல கஸ்டமர் சைடுன்னுதான் இருக்கு சார். ஓ.டி.பி. குடுத்து நீங்க ஒத்துக்கிட்டிருக்கீங்க."

ஓ.டி.பி. செய்தியை அப்படியே படிச்சுக் காட்டினேன். அதுல எங்கயாவது 500ன்னு இருக்கா, கட்டணம்ங்கற வார்த்தையாவது இருக்கான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ரொம்ப தாராளமா ஒரு வழி சொன்னாங்க.

"சரி சார், அப்ப டெக்னீஷியன் தப்பா மூடியிருக்கார். நீங்க அவர் மேல கம்ப்ளெயின்ட்டா பதிவு பண்ணுங்க. நாங்க ஃபிரான்சைசிகிட்ட ரெகவர் பண்ணிட்டு உங்களுக்குத் திருப்பிடறோம்."

அதாவது காசு எனக்கு வரும். ஆனா தங்க வயல் தம்பி சம்பளத்துலேருந்து வரும். தப்பான வீட்டுக்குத் தப்பான திட்டத்தை வித்தவங்க கணக்குல ஒரு பைசா குறையாது. "இருங்கம்மா, அப்படிப் பதிவு பண்ணாதீங்க. பில் தப்புன்னு மட்டும் போடுங்க"ன்னேன். பில் புகாராப் போட்டு நம்பர் குடுத்தாங்க. ஆறாவது நாள் ஒரே வரியில பதில் வந்தது: 'கட்டணம் சரியானது. புகார் முடிக்கப்பட்டது.'

அந்த ஞாயித்துக்கிழமை, எங்க ஏரியா ஃபிரான்சைசி கடைக்கு நேராவே போனேன். நாலு தெரு தள்ளி ஒரு சின்ன ஷட்டர் கடை. முன்னாடி கேபிள் டி.வி. நடத்தினவர், இப்ப ஃபைபர். கன்னடக்காரர், ஆனா எங்க ஏரியாவுல யார்தான் தமிழ் பேச மாட்டாங்க? மனுஷன் கோவப்படவே இல்லை. "நோடி சார்"னு ஆரம்பிச்சு, பசங்க வெச்சிருக்கற ஆப்பைத் தன் போன்ல திறந்து காட்டினார்.

வேலை முடிஞ்சதும் காரணம்னு ஒண்ணை அமுக்கினாத்தான் டிக்கெட் மூடும். பட்டியல்ல இருக்கறது நாலே நாலு. ஃபைபர் அறுந்தது. கம்பெனி பெட்டி பழுது. வாடிக்கையாளர் பக்கம். வீடு பூட்டியிருந்தது.

"உங்க பெட்டி பழுதா சார்? இல்லையே, ஓடிட்டுதானே இருந்தது. பழுதுன்னு அமுக்கினா பெட்டியை இங்கேருந்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். அங்க நல்லா ஓடுதுன்னு வந்தா, நல்ல பெட்டியைப் பழுதுன்னு சொன்னதுக்கு எங்களுக்கு அபராதம். ஃபைபர் அறுந்ததுன்னு போட முடியாது, மீட்டர் கணக்கு மேல போயிடும். வீடு பூட்டலை. மீதி என்ன இருக்கு?"

மீதி இருக்கறது 'வாடிக்கையாளர் பக்கம்' மட்டும்தான். 'திட்டம் வித்தப்ப பெட்டியைப் பார்க்கலை'ன்னு ஒரு பொத்தான் அந்தப் பட்டியல்ல கிடையாது. அந்தத் தம்பி பொய் சொல்லலை. உண்மையைச் சொல்ல அவருக்கு இடமே குடுக்கலை. அதை அமுக்கின உடனே 500 ரூபாய் தானா பில்லுல ஏறுங்கறதும் அவருக்குத் தெரியலை. பில் போடறது வேற சிஸ்டம். அவருக்குக் கிடைக்கறது விசிட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு கணக்கு. புகார் திரும்பத் திறந்தா அதுவும் வெட்டு.

"நான் புகார் பண்ணினா அந்தப் பையனுக்கு வெட்டு விழுமா?"

"டெக்னீஷியன் தப்புன்னு முடிவானா விழும் சார். ஏனு மாடோது?"

பொட்டி தட்டுற நமக்கு இது புதுசில்லை. பட்டியல்ல எந்தக் காரணம் இருக்கலாம், எது இருக்கக் கூடாதுன்னு யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு ஏ.சி. ரூம்ல முடிவு பண்றார். எந்தக் காரணத்தை எழுத முடியாதோ அந்தக் காரணத்தால எந்தத் தப்பும் நடக்கலைன்னு கணக்குல வந்துடும். இந்த ஊர்ல அப்படிப் பட்டியல் எழுதற வேலையில நம்ம ஆளுங்களும் நிறைய பேர் இருக்கோம். கொஞ்சம் உறுத்திச்சு.

வீட்டுக்கு வந்தா வேற பஞ்சாயத்து. 'நிலுவைத் தொகை ரூ. 590. செலுத்தாவிட்டால் சேவை துண்டிக்கப்படலாம்'னு தங்கமணி போனுக்கும் செய்தி போயிருக்கு.

"ஏங்க, 590க்காக லைனைக் கட் பண்ணிட்டா என் கால் என்ன ஆகறது? பாப்பாவுக்கு யூனிட் டெஸ்ட் வேற. கட்டித் தொலைச்சுட்டு வேலையைப் பாருங்க."

"புகார் நிலுவையில இருக்கு. சர்ச்சையில இருக்கற தொகைன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அவங்க முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா? கோர்ட்டுக்குப் போவீங்களா?"

நியாயமான கேள்வி. தேடிப் படிச்சதை உங்களுக்கும் சொல்லிடறேன்.

முதல் படி, கம்பெனியோட புகார் மையம். புகார் குடுத்தா கட்டாயம் ஒரு பதிவு எண் தரணும். ரெண்டாவது படி, அதே கம்பெனிக்குள்ள இருக்கற மேல்முறையீட்டு அதிகாரி. டிராய் 2012ல கொண்டு வந்த குறைதீர்ப்பு விதிமுறை இது. முதல் பதில் திருப்தி இல்லைன்னா 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம், 39 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். கட்டணம் கிடையாது. நிறைய பேர் நேரா டிராய்க்கே எழுதறாங்க. தனி ஆள் புகாரை டிராய் விசாரிக்கறதில்லை, கம்பெனிக்கு அனுப்பி வைக்கும், அவ்வளவுதான்.

மூணாவது படி, நுகர்வோர் ஆணையம். இதுல ஒரு கதையே இருக்கு. கோழிக்கோட்டுல டெலிபோன் துண்டிப்பு பத்தின ஒரு வழக்குல, 2009 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் 'டெலிபோன் பில் தகராறுக்குத் தந்திச் சட்டத்துல நடுவர் முறை இருக்கு, நுகர்வோர் மன்றம் விசாரிக்க முடியாது'ன்னு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம் பல வருஷம், போன் கம்பெனி மேல வழக்குப் போட்டா முதல்ல இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுவாங்க.

அப்புறம் அகமதாபாத்துல அஜய் குமார் அகர்வால்னு ஒருத்தர். மாச வாடகை 249 ரூபாய் பிளான், சராசரியா 555 ரூபாய் பில் வந்துக்கிட்டிருந்தவருக்கு 2013 நவம்பர்-டிசம்பர்ல 24,609 ரூபாய் 51 பைசா பில் வந்தது. வோடஃபோன் மேல மாவட்ட மன்றத்துக்குப் போனார். கம்பெனி அதே பழைய தீர்ப்பைக் காட்டி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2022 பிப்ரவரி 16ல நீதிபதி சந்திரசூட் தலைமையில மூணு பேர் அமர்வு, நுகர்வோர் ஆணையத்துக்கு விசாரிக்க அதிகாரம் இருக்குன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. நடுவர் வழி வேணும்னா வாடிக்கையாளர் போகலாம், போயே ஆகணும்னு இல்லை. ஒருத்தரோட பில் தகராறு நாடு முழுக்க எல்லாருக்கும் கதவைத் திறந்து விட்டது.

2019ல வந்து 2020 ஜூலைல அமலுக்கு வந்த புது நுகர்வோர் சட்டத்துல, நம்மள மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு ஒரு முக்கியமான வசதி இருக்கு. கம்பெனி எங்க இருக்கோ அங்கதான் வழக்குப் போடணும்னு இல்லை, நாம குடியிருக்கற ஊர்லயே, வேலை பார்க்கற ஊர்லயே போடலாம். நாம குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணம் இல்லை. வக்கீல் வேணும்ங்கற கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

"நாள் ஆகுமே?"ன்னாங்க தங்கமணி. ஆகலாம். மதுராவுல துங்கநாத் சதுர்வேதின்னு ஒரு வக்கீல், 1999ல ரயில் டிக்கெட்டுக்கு 70 ரூபாய்க்குப் பதிலா 90 வாங்கிட்டாங்கன்னு 20 ரூபாய்க்காக வழக்குப் போட்டு 2022ல ஜெயிச்சார். நூறு தடவைக்கு மேல வாய்தா. இதைச் சொன்னதும் தங்கமணி பார்த்த பார்வை இருக்கே... அவ்வ்வ்வ். நான் மேல்முறையீட்டோட நிறுத்திக்கப் பார்க்கறேன்னு வாக்குக் குடுத்தேன் :-)

மேல்முறையீட்டுக் கடிதத்தை எழுதத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. சட்டம் பெரிசா எதுவும் எழுதலை. நாலே நாலு விஷயம்.

ஒண்ணு: திட்டம் மாத்தினப்ப 'கூடுதல் நிறுவல் கட்டணம் இல்லை'ன்னு நீங்க அனுப்பின செய்தி, தேதியோட.

ரெண்டு: பெட்டி உங்களுடையது. அதோட மாடல் உங்க பதிவுல இருக்கு. அது 100க்கு மேல தராதுன்னு உங்களுக்கு வித்த அன்னிக்கே தெரியும். பழைய பெட்டியோட லேபிள் படம், மாத்தினதுக்கு முன்னாடி 94, பின்னாடி 287ன்னு வேகப் படங்கள் இணைச்சிருக்கேன்.

மூணு: ஓ.டி.பி. செய்தியில கட்டணம் பத்தி ஒரு வார்த்தை இல்லை. வேலை முடிஞ்சதுக்கு நான் குடுத்த ஒப்புதல், காசு குடுக்கறதுக்கு ஒப்புதல் ஆகாது.

நாலு: வந்த பணியாளர் மேல எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அவர் சரியான கோளாறைக் கண்டுபிடிச்சு இருபது நிமிஷத்துல சரி பண்ணினார். டிக்கெட்டை மூடும் பட்டியல்ல இந்தக் காரணத்துக்கு இடமில்லாததுதான் பிரச்சினை. இது தள்ளுபடி கேட்டு எழுதற கடிதமில்லை, தப்பான பில்லைத் திருத்தக் கேட்டு எழுதறது. இந்தத் தொகையைப் பணியாளர்கிட்டயோ ஃபிரான்சைசிகிட்டயோ பிடிச்சா என் புகார் தீர்ந்ததா ஆகாது.

நாலாவதை எழுதும்போது தங்கமணி பின்னாடி நின்னு படிச்சாங்க. கட்டித் தொலைங்கன்னு அதுக்கப்புறம் சொல்லலை. "அந்தக் கடைசி வரியை இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க.

பத்து நாள் கழிச்சு ஒரு மேனேஜர் கூப்பிட்டார். ரொம்ப மரியாதை. "சார், நீங்க நாலு வருஷக் கஸ்டமர். ஒரே ஒரு தடவை, நல்லெண்ண அடிப்படையில 590ஐத் தள்ளுபடி பண்ணிடறேன். இப்பவே மூடிடலாமா?"

இங்கதான் முக்கால்வாசிப் பேர் முடிச்சுக்குவாங்க. எனக்கும் ஆசைதான். ஆனா தள்ளுபடின்னா என்ன அர்த்தம்? கட்டணம் சரி, நாங்க பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்தோம்னு அர்த்தம். டிக்கெட் 'வாடிக்கையாளர் பக்கம்'னே இருக்கும். "ஃபிரான்சைசிகிட்ட இதைப் பிடிப்பீங்களா சார்?"னு கேட்டேன்.

"அது எங்க உள் விவகாரம் சார்."

"அப்ப நான் எழுத்துல வர்ற முடிவுக்கே காத்திருக்கேன்."

"590 ரூபாய்க்கா சார்?"

"உங்களுக்கும் அதே 590தானே சார்."

இந்த விஷயத்தை ஊர்ல அம்மாகிட்ட சொன்னேன். அம்பாசமுத்திரத்துலேருந்து பதில்: "எய்யா, ஊர் விட்டு ஊர் போயி எதுக்கு வம்பு? குடுத்துட்டுப் போ." நம்ம வீடுகள்ல இது பழைய பாட்டு. வெளியூர்ல இருக்கோம், பாஷை வேற, சத்தம் போடாம காலத்தை ஓட்டுவோம். ஆட்டோக்காரர்கிட்டயும் வீட்டு ஓனர்கிட்டயும் இந்தப் பயத்துலயே எவ்வளவோ குடுத்திருப்போம். ஆனா இங்க சண்டை கன்னடக்காரரோட இல்லையே. கடைக்காரர் அவர் கஷ்டத்தைச் சொன்னார், தம்பி அவர் வேலையைப் பார்த்தார். எழுத்துல கேக்கறதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?

முப்பத்தொண்ணாவது நாள் மின்னஞ்சல் வந்தது. சுத்தி வளைச்ச இங்கிலீஷ். சாரம் இதுதான்: திட்ட மாற்றத்துக்குத் தேவைப்பட்ட கருவி மாற்றம் நிறுவனத்தோட பொறுப்பு, வருகைக் கட்டணம் பொருந்தாது, வரியோட சேர்த்துப் பில் திருத்தப்படும். பணியாளர் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பில்லுல 590 கழிஞ்சிருந்தது. வரி 90ம் சேர்த்துதான். சில இடத்துல 500ஐ மட்டும் குடுத்துட்டு வரியை விட்டுடுவாங்க, பார்த்துக்கோங்க.

தம்பிக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க வழியில்லாம இருந்தது. ஆப் வழியா வர்ற போன்ல அவங்க நம்பர் நமக்குத் தெரியாது, நம்ம நம்பர் அவங்களுக்குத் தெரியாது. போன வாரம் ரெண்டாவது மாடிக்கு யாருக்கோ லைன் போட வந்தவரை லிஃப்ட்ல பார்த்தேன். அவரே ஆரம்பிச்சார்.

"அண்ணா, உங்க டிக்கெட்டை வெச்சு எங்க ஓனரைக் கூப்பிட்டு விசாரிச்சாங்கண்ணா. ஒரு வாரம் அந்த விசிட் காசை ஹோல்டுல வெச்சிருந்தாங்க. அப்புறம் குடுத்துட்டாங்க."

"வெட்டலையே?"

"இல்லண்ணா. நீங்க ஏதோ லெட்டர்ல எழுதினீங்களாமே, ஓனர் சொன்னாரு." அப்புறம் போனை எடுத்துக் காட்டினார். "இன்னும் அந்தப் பட்டியல் அப்படியேதாண்ணா கீது. இப்ப இந்த மாதிரி வந்தா நாங்க பெட்டியை மாத்தறதுக்கு முன்னாடி கஸ்டமரை கால் சென்டருக்குப் போன் பண்ணி 'பெட்டி மாத்தணும்'னு தனி ரிக்வெஸ்ட் போடச் சொல்றோம். அது ஃப்ரீ."

ஆக, கம்பெனி மாறலை. முருகேஷ்பாளையா பசங்க நாலு பேர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தச் சண்டையில கிடைச்ச லாபம் அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இப்ப உங்களுக்கு. நம்மள்ல நிறைய பேர் ஊர்ல அப்பா அம்மா வீட்டு இணையத்துக்கும் போனுக்கும் இங்கேருந்து ஆட்டோ டெபிட்ல கட்டறோம். இந்தச் சண்டைக்கு நடுவுல அம்மா வீட்டுப் பில் ஒரு வருஷத்துக்கு எடுத்துப் பார்த்தேன். விசிட் சார்ஜ் ரெண்டு தடவை இருந்தது. அம்மாகிட்ட கேட்டா, "ஆமா, அந்தப் பையன் வந்து வயரைச் சொருகிட்டுப் போனான். காபி குடுத்தேன்"னாங்க. ஒண்ணு, மாடியில வயர் மேல துணிக்கொடி கட்டி அறுந்தது. அது நம்ம பக்கம், காசு குடுக்க வேண்டியதுதான். இன்னொண்ணு, மழையில ரோட்டுல ஃபைபர் அறுந்தது. அது அவங்க பக்கம். அதுக்குப் புகார் போட்டாச்சு. பெரியவங்களே பேசணும்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. தமிழ் உட்பட 17 மொழியில பேசலாம். அது கோர்ட் இல்லை, ஆனா கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசும்.

பி.கு.: ஆள் வர்றதுக்கு முன்னாடி வேகத்தையோ சிவப்பு லைட்டையோ ஒரு படம். ஆள் போனப்புறம் ஒரு படம். கழட்டின பெட்டியோட லேபிள் ஒரு படம். ஓ.டி.பி. சொல்றதுக்கு முன்னாடி "எந்தக் காரணம் போட்டு மூடறீங்க தம்பி, காட்டுங்க"ன்னு ஒரு கேள்வி. அவங்க காட்டுவாங்க. அப்படியே குடிக்க ஏதாவது குடுங்க, மூணு மாடி ஏறி வந்திருப்பாங்க. எங்க லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அதுக்கு அசோசியேஷனோட தனிச் சண்டை, அது இன்னொரு நாள்.